சீட்டும் கையுமாக

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள், ஏதோ சீட்டுப் பிடிக்கிறவள் போலிருக்கிறது, நாமும் சேரலாமா என்று யோசிப்பார்கள். மறுநாள் காலையில் அவள் சைக்கிள் சீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைவதைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிடும். அந்தச் சீட், துவைத்த தலையணை உறைகளுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரித் தட்டில் சாயங்காலம் வரை இருக்கும். யாரும் தொட மாட்டார்கள்.

அவளுக்குப் படுக்கை விரிப்புகளோடு வேலை. பெரிய உருளைகளுக்கு நடுவே நசுங்கிச் சுடச்சுட வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். ஈரம் மிச்சம் இருக்கிறதா என்று அவள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். தனியாளாக மடித்தால் மூட்டைதான் வரும். அதனால் அங்கே எல்லோருக்கும் ஒரு ஜோடி உண்டு. அவளுடைய ஜோடிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் அந்த ஜோடிதான். மருத்துவமனைக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் இடத்தில், மதிய இடைவேளைகளில், தன் மகனுடைய பழைய சைக்கிளைக் கொண்டுவந்து பழக்கினாள். "கீழ பாக்காதடி, கீழ பாத்தா கீழதான் போவ" என்று ஜோடி பின்னாலேயே ஓடிவர, அவள் நேராகப் போய் அழுக்குத் துணித் தள்ளுவண்டிக்குள் தலைகுப்புற விழுந்தாள்.

"விழுந்தாலும் மெத்துன்னுதான் விழுவா எங்க மகாராணி" என்றாள் ஜோடி, காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே.

கற்றுக்கொண்ட பிறகு அவள் வாங்கிய சைக்கிள்தான் யாரும் எதிர்பார்க்காதது. வேலைக்குப் போகும் வழியில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அது வெகுநாளாக நின்றது. இளம் பச்சை, மழை விட்டதும் இலைக்கு வருகிற நிறம். ஒரு கையால் தூக்கிவிடலாம். கடைக்காரர் அவளை ஏறி உட்காரச் சொல்லி, கையின் நீளம், காலின் நீளம் எல்லாம் அளந்து, அவளுக்கென்றே சரிசெய்து கொடுத்தார். என்ன விலை என்று தம்பி கேட்டபோது பாதியைச் சொன்னாள். பாதிக்கே அவன் வாயைப் பிளந்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, அந்தப் பச்சை முழுவதையும் கறுப்பு ஒட்டுப் பட்டையால் சுற்றி மூடினாள். அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்டமாதிரி ஆகிவிட்டது சைக்கிள்.

"ஏங்க்கா, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் தம்பி மனைவி.

"நல்லா இருக்கறதுதான் பிரச்சினை. பாக்கறவன் கண்ணுல படக்கூடாது."

அவளிடமிருந்து இதுவரை ஒரு பொருளும் திருட்டுப் போனதில்லை. போனதெல்லாம் அவளே எடுத்துக் கொடுத்தது. அப்பா திடீரென்று போனபோது அவள் படிப்பு நின்றது. தம்பி படிப்பு நிற்கவில்லை. கழுத்துச் சங்கிலி அவன் கல்லூரிக்குப் போயிற்று. அந்தக் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அவனுக்குக் கல்யாணம் ஆனதும் ஜன்னல் வைத்த அறையும் போயிற்று. யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு முன்பே அவள் கொடுத்துவிடுவாள். அதற்காக வருந்தியதும் இல்லை. ஆனால் இந்தச் சைக்கிளைக் கொடுக்க வழியில்லை. வீட்டில் எல்லோரும் நெட்டை, அவள் குட்டை. வேறு யார் ஏறினாலும் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். அது ஒன்றுதான் அவளை விட்டுப் போக முடியாத பொருள். யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு.

ஆகவே காவல் ஆரம்பமாயிற்று. கடைக்குப் போனால், மண்ணில் ஆழ ஊன்றிய கம்பம் இருக்கிறதா என்று முதலில் ஆட்டிப் பார்ப்பாள். லாடம்போல் வளைந்த பூட்டால் பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு பூட்டுவாள். முன்சக்கரத்துக்குத் தனியாக ஒரு சங்கிலி. எடுக்கிறவன் ஏறினாலும் மிதிக்க முடியாமல் தடுமாற வேண்டும் என்று கியரைக் கடினமான பல்லில் விட்டுவைப்பாள். கடைசியில் ஒரு சின்னப் பிடியைத் திருப்பினால் சீட் தண்டோடு கழன்று கையில் வந்துவிடும். பக்கத்தில் இதைவிடப் பளபளப்பான சைக்கிள் ஒன்று நின்றால் இன்னும் நிம்மதி. பிறகு ஒரு கையில் பை, மறுகையில் சீட். தக்காளியைப் பார்ப்பாள், தெருவைப் பார்ப்பாள். உள்ளே தள்ளி இருக்கும் கடைகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள். வெளிச்சுவர் கண்ணாடியாக இல்லாத கடையில் அவளுக்கு ஒன்றும் தேவைப்படுவதில்லை.

தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்வது இவ்வளவு வேலையா என்று சில சமயம் தோன்றும். தோன்றிய கையோடு பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள்.

ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனபோது மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். முழுக்கக் கண்ணாடிச் சுவர் வைத்த கடை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். சீட்டைக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே மேசைமேல் வைத்தாள். கடைக்காரர் அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர். மனைவி போய் வெகுகாலம் ஆயிற்று, பிள்ளைகள் இல்லை. சீட்டைப் பார்த்தார். ஒரு துணியை எடுத்து அதற்கு அடியில் விரித்தார்.

"அந்த எழுத்தப் படிங்க" என்றார்.

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்க் கடைப் பலகையில இருக்கறதப் படிச்சா போதுமாங்க?"

"இருங்க, நாற்காலியத் திருப்பிப் போடறேன். நீங்க சைக்கிளப் பாத்துட்டே இருங்க, நான் கண்ணப் பாத்துக்கறேன்."

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். கண்ணாடியை வாங்கிப்போக ஒருமுறை, காது வலிக்கிறது என்று ஒருமுறை, வலிக்கவில்லை என்று சொல்ல ஒருமுறை போனாள். அதன் பிறகு காரணம் கிடைக்காமல் எதிரிலிருந்த காபிக்கடைக்குப் போனாள். அவரும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அதே நேரத்துக்கு வரத் தொடங்கினார். ஜன்னலோர மேசை கிடைத்தால் உட்காருவார்கள். கிடைக்காத நாளில் அவள் வெளியிலேயே சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்பாள். அவர் இரண்டு கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கூடவே நிற்பார். குளிரடித்த ஒரு நாளில்கூட உள்ளே போகலாம் என்று அவர் சொல்லவில்லை. காபிக்கடை அம்மாதான், "உள்ள நாற்காலி எல்லாம் அழுவுது" என்று கதவைத் திறந்து சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் அவர் கேட்டார்: "ஒரே ஒரு தடவ, ஜன்னலப் பாக்காம ஒரு காபி குடிக்க முடியுமா? ஒண்ணு கேக்கணும். நீங்க பாதி வெளிய இருக்கும்போது கேக்க எனக்குத் தைரியம் வரல."

மறுநாள் விரிப்பு மடிக்கும்போது அதை ஜோடியிடம் சொன்னாள்.

"என்ன கேப்பாரு? சைக்கிள விக்கிறியான்னா?" என்றாள் ஜோடி.

"வெளையாடாத."

"சரி. என்ன சொல்லப் போற?"

"தெரியலடி. இந்த வயசுல இதெல்லாம்... தம்பி என்ன நினைப்பான்? அவன் பொண்டாட்டி?"

"அவங்க நினைக்கறத அவங்க நினைக்கட்டும். உனக்கு என்ன வேணும்?"

இருவரும் எதிரெதிரே நடந்து வந்து, விரிப்பின் முனைகள் கைகளில் சேர நின்றார்கள். ஈரம் இல்லாத விரிப்பைத்தான் அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உனக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியை அவளிடம் யாரும் அவ்வளவாகக் கேட்டதில்லை. அவளும்தான்.

சரி, வருகிறேன் என்று அவரிடம் அவள் சொல்லியிருந்த நாளில் காபிக்கடையில் ஜன்னலோர மேசைகள் எல்லாம் நிறைந்திருந்தன. கடைசியில், பக்கத்துச் சந்துக்குப் போகும் இன்னொரு கதவை ஒட்டி ஒரு மேசை மட்டும் காலி. அங்கிருந்து பார்த்தால் காபி இயந்திரம்தான் தெரியும்.

"வெளியவே நிக்கலாமே" என்றார் அவர், கோப்பைகளை எடுக்கத் திரும்பிக்கொண்டே.

அவள் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு நேராகப் போய் அந்த மேசையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "தனியா சாப்பிட்டுப் பழகிட்டேன். பழகினது போதும்னு இப்பல்லாம் தோணுது. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்னன்னு கேக்கத்தான் வரச் சொன்னேன். பதில் இன்னிக்கே வேணாம். யோசிங்க."

அவள் மடியிலிருந்த சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்வதற்குப் பதிலாக, சைக்கிளின் விலையைச் சொன்னாள். முழு விலையை. தம்பிக்கும் ஜோடிக்கும் சொல்லாதது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நல்லதுக்கு அவ்வளவு ஆகும்" என்றார்.

"அவ்வளவுதானா? பைத்தியமான்னு கேக்க மாட்டீங்களா?"

"அந்தப் பச்சைய முழுசாப் பாத்தா கேப்பனோ என்னமோ. நீங்கதான் காட்டவே இல்லையே. கீழ ஒரு எடத்துல பட்டை உரிஞ்சு கொஞ்சம் தெரியுது. அத வெச்சுத்தான் நான் ஊகம் பண்ணிக்கிட்டிருக்கேன்."

அதற்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று. துணிவண்டிக்குள் விழுந்த கதையைச் சொன்னாள். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாடிக்கையாளர் ஒருவர் தன் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே தொலைந்துபோனதென்று புதிதாக வாங்கிப்போன கதையை அவர் சொன்னார். "நீங்க சொல்லலயா?" என்றாள் அவள். "ஓடிப் போய்ச் சொன்னேன். வெக்கத்துல ரெண்டையும் மாட்டிக்கிட்டுப் போனாரு." சந்துக் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சிரித்தபடி எழுந்தவர்கள் அந்த வழியாகவே வெளியே இறங்கி, சந்தோடு நடந்து, பூங்காவைக் கடந்து, அவள் வீட்டு வாசல்வரை பேச்சை விடாமல் வந்துவிட்டார்கள். வழியில் லேசாகத் தூறியது. அவள் சீட்டைச் சேலைத் தலைப்புக்குள் மூடிக்கொண்டாள்.

கதவைத் திறந்த தம்பி மனைவி முதலில் அந்த மனிதரைப் பார்த்தாள். அப்புறம் சீட்டைப் பார்த்தாள். அப்புறம் வெறும் வாசலைப் பார்த்தாள்.

"அக்கா, சைக்கிள் எங்க?"

அவள் கையிலிருந்த சீட்டைக் குனிந்து பார்த்தாள். திரும்பித் தெருவைப் பார்த்தாள். 

"மறந்துட்டேன்" என்றாள்.

உள்ளேயிருந்து ஓடிவந்த தம்பிக்கு அது புரியவில்லை. "மறந்தியா? நீயா? சாப்பாட்ட மறந்தேன்னு சொல்லு, நம்பறேன்." பிறகு பக்கத்தில் நின்றவரை உற்றுப் பார்த்தான். மூக்கின்மேல் இருந்த தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது அவர் கடையில் வாங்கியதுதான். அக்காவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். படித்தவன் அல்லவா, கணக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அவன் குரல் தணிந்துவிட்டது.

"செருப்பு மாட்டிட்டு வரேன். இருங்க, மூணு பேரும் போலாம்."

நடை பாதி, ஓட்டம் பாதி. அவள் முன்னால் போனாள். பட்டையை உரித்திருந்தால் இந்நேரம் நிச்சயம் போயிருக்கும் என்று நினைத்தாள். போயிருந்தால் என்ன செய்வேன் என்றும் நினைத்தாள். சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு கணமாவது அதை நினைத்தேனா என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் பயம் எது, மற்றது எது என்று பிரிக்க முடியவில்லை.

சைக்கிள் நின்றது. விட்ட இடத்திலேயே, இரண்டு பூட்டோடு, தலையில்லாத கோழிபோல் நின்றது. தண்டு கழன்ற குழாய் வாயின்மேல் யாரோ ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து, காற்றில் பறக்காமல் ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள்.

காபிக்கடைக் கதவு திறந்தது. "வந்துட்டியா மகராசி?" என்றாள் அந்த அம்மா. "சீட்டோட எங்க போயிட்ட? மழைத் தண்ணி குழாய்க்குள்ள எறங்கினா உள்ள துருப் பிடிச்சிடும், அதான் கோப்பையக் கவுத்து வெச்சேன். அப்பப்ப எட்டிப் பாத்துட்டுதான் இருந்தேன்."

"நீங்க பாத்துக்கிட்டீங்களா?"

"நீ பாக்காதப்ப வேற யாரு பாப்பா? தினம் நீ பாக்கறதப் பாத்து எனக்கே பழகிடுச்சு."

அவள் குனிந்து கீழே உரிந்திருந்த பட்டையின் நுனியைப் பிடித்தாள். ஈரத்தில் ஊறியிருந்ததால் நீளமாகக் கழன்று வந்தது. ஒரு முழம் பச்சை வெளியே வந்ததும் நிறுத்திக்கொண்டாள். இன்றைக்கு அது போதும்.

நிமிர்ந்து, கையிலிருந்த சீட்டைக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினாள். "இதக் கொஞ்சம் பிடிங்க. காபிக்குச் சொல்லிட்டு வரேன்."

அவர் இரண்டு கையாலும் வாங்கி, எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல், முதல் குழந்தையை வாங்கியவர்போல் மார்போடு வைத்துக்கொண்டார். தம்பி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"ரெண்டு காபிம்மா" என்றாள் அவள் உள்ளே போய்.

"உள்ளயா, வெளியவா?"

அவள் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தாள். ஒரே ஒருமுறை.

"உள்ளதான். அவருக்கு ஒரு பதில் சொல்லணும். அந்தக் கடைசி மேசையே போதும்."

"அப்ப சைக்கிள்?"

"தம்பி நிப்பான்" என்றாள். "கொஞ்ச நேரம் அவன் பாத்துக்கட்டும்."