சிப்பி மேட்டில் சரசு

கோலாலம்பூரில் காலை எட்டு மணிக்குக் கிளம்பிய பேருந்து ஒன்றரைக்குச் சுங்கை பட்டாணி வந்தது. டிக்கெட் நாற்பத்தைந்து வெள்ளி. எங்கள் எஸ்டேட்டின் பழைய லாரி டிரைவர் முனியாண்டி அண்ணன் காருடன் நின்றிருந்தார். முந்தின நாள் போன் போட்டு என்னை வரவழைத்தவர் அவர்தான்.

"தம்பி, நம்ம சிப்பி மேட்டத் தோண்டி ஆராய்ச்சி பண்றாங்க. கைப்புள்ள எலும்பு ஒண்ணு கெடைச்சிருக்காம். பல ஆயிரம் வருசத்து எலும்புன்னு சொல்றாங்க. எனக்கு ஒன் தங்கச்சி ஞாபகம் வந்திருச்சி."

எனக்கு ஏழு வயதில், எட்டு மாதக் குழந்தை சரசு காய்ச்சலில் போனாள். சிப்பி மேட்டின் அடியில் புதைத்தோம். காட்டுப் பன்றி கிளறிவிடும் என்று பயந்து, அப்பா மேட்டு உச்சியிலிருந்து சிப்பியை வெட்டி வந்து குழிக்குள்ளும் மேலேயும் கொட்டினார். நானும் ரப்பர் பால் வாளியில் அள்ளிப் போட்டேன். இரண்டு வருடத்தில் நாங்கள் எஸ்டேட்டை விட்டுப் போனோம். இடத்தைக் காடு மூடிவிட்டது.

இரண்டு மணிக்குப் பீடோங்கில் தே தாரிக் டீ. ஒரு வெள்ளி எண்பது சென். "ஆறிப் போச்சு, குடி லா" என்று அண்ணன் அதட்டியும் எனக்கு இறங்கவில்லை.

அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர். ரப்பர் இருந்த இடமெல்லாம் செம்பனை. நாங்கள் குடியிருந்த லயன் வீடுகளின் சுவடுகூட இல்லை. சறுக்கி விளையாடி நாங்கள் கால்சட்டை கிழித்துக்கொண்ட மேடும், முனீஸ்வரன் கோயிலும் மட்டும் அப்படியே இருந்தன. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

நீலக் கூடாரத்தில் ஆய்வாளர் கவிதா, சுங்கை பட்டாணிப் பெண், முழங்கால் மடக்கிப் படுத்திருந்த ஒரு முழு எலும்புக்கூட்டைக் காட்டினார்.

"முன்ன கடல் இது வரைக்கும் இருந்திச்சி அங்கிள். அந்தக் காலத்து ஆளுங்க தின்னு போட்ட சிப்பிதான் இந்த மேடு. நம்ம செம்மண்ணு எலும்பக் கரைச்சிரும். சிப்பியில இருக்கிற சுண்ணாம்புதான் இவரக் காப்பாத்திச்சி."

பக்கத்தில் சின்னப் பெட்டியில் கைப்பிள்ளை எலும்பு. மேலே பதினான்கு என்று எண்.

"இது பழசுன்னு எப்படிம்மா தெரியும்?"

"மேல இருந்த சிப்பிய டெஸ்ட் பண்ணோம். எலும்பு ரொம்பச் சின்னது, டெஸ்டுக்கு அரைக்க மனசு வரல."

"சிப்பி பழசுதாம்மா. ஆனா அத அங்க போட்டது எங்கப்பா."

கவிதா பேனாவைக் கீழே வைத்தார். "எங்க போட்டாரு? காட்டுங்க."

கோயில் வாசலிலிருந்து மேட்டை நோக்கி முப்பத்திரண்டு எட்டு. அப்பா எண்ணி எனக்கும் சொல்லியிருந்தார். நான் நடந்தேன். என் காலும் இப்போது அவர் கால் அளவுதான். முப்பத்திரண்டாவது எட்டில், கயிறு கட்டிய சதுரக் குழி முன்னால் நின்றேன்.

"பெட்டி பதினாலு இங்கதான் எடுத்தோம்" என்றார் கவிதா மெல்ல. "இருந்தாலும் எலும்ப டெஸ்ட் பண்ணாத்தான் உறுதி, அங்கிள். நகம் அளவு எடுக்கணும். ஒங்க தங்கச்சின்னா ஒங்ககிட்டயே கொடுத்திருவோம்."

கோபம் வந்தது. எட்டு மாதப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது எடுப்பதற்கு? ஆனால் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

"எடுத்துக்கம்மா. ரிசல்ட் வர்ற வரைக்கும் பெட்டியில நம்பர் வேணாம், சரசுன்னு எழுதும்மா."

எண்ணை அடித்துவிட்டுக் கவிதா தமிழில் 'சரசு' என்று எழுதினார். அவள் பெயரை எழுத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆறு மணிப் பேருந்தில் ஏறும்போது அண்ணன் கேட்டார். "தம்பி, ரிசல்ட் வேற மாதிரி வந்தா?"

"அப்பவும் யாரோ ஒரு அப்பா தம் புள்ளைக்குப் போட்ட சிப்பிதாண்ணே" என்றேன்.