குட்டி ஈனும் மாதத்தில் நரி சுடுவது

நரி சுடப் பழகுகிறவர்கள் முதலில் தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்த வேண்டும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். துவக்கு லைசென்ஸ் எடுக்க நான் போன வகுப்பில், சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்த்து முழுகுகிற ஆள் நான் ஒருத்திதான். முழுகின நாட்களில் இரவு போய்ப் புல்வெளியில் குந்தியிருந்தால் நரியின் வாசனைகூடக் கிட்ட வராது. என் வாசனைதான் ஊரெல்லாம் போகும். பக்கத்துக் காணிக்காரர், என் வயதை ஒத்த வெள்ளைக்காரர், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கோபிக்க வேண்டாம். உங்களிடமிருந்து ஒரு நல்ல வாசம் வருகிறது. எனக்கே மணக்கிறது என்றால் நரிக்கு எப்படி இருக்கும்?"

நான் ஆசைப்பட்டுத் துவக்குத் தூக்கினவள் இல்லை. ஊரில் சண்டைக் காலத்தில் துவக்கைக் கண்டால் வேலி பாய்ந்து ஓடின சனம் நாங்கள். சிட்னியில், பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் மற்றவர்களின் இரத்தத்தைச் சோதித்தே என் காலம் போனது. ஓய்வு பெறப் போகிற நேரத்தில் என் கணவருக்குக் காணிப் பைத்தியம் பிடித்தது. சிட்னியிலிருந்து தென்மேற்கே, கோல்பன் என்ற ஊரும் தாண்டி, ஒரு மலைச்சரிவில் வீடும் காணியும் செம்மறிகளும் சேர்த்து வாங்கினார். "உங்களுக்கு விசரே?" என்று கேட்டேன். நாங்கள் இருந்த ஹோம்புஷில் படி இறங்கினால் தோசைக்கடை, ரயில், நாலு தெரிந்த முகம். இங்கே படி இறங்கினால் சேறு. அவர் சிரித்துக்கொண்டே வேலி அடித்தார். முதல் குளிர்காலம் முடிய முன்னம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அம்புலன்ஸ் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

வாங்க வேண்டாம் என்று சண்டை பிடித்த நானே பிறகு அங்கிருந்து அசைய மாட்டேன் என்று நின்றேன். மகளுக்கு அது விளங்கவில்லை. அவள் ஹோம்புஷில் ஃபிளாட்டில் இருக்கிறாள். எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி, கட்டிலுக்குப் புது விரிப்பும் வாங்கி வைத்திருந்தாள். போயிருந்தால் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து, சமைத்து வைத்து, அவர்கள் டிவி பார்க்கிற நேரத்தில் இடைஞ்சல் இல்லாமல் அறைக்குள் போய்ப் படுக்கிற அம்மாவாக இருந்திருப்பேன். கெட்ட வாழ்க்கை இல்லைத்தான். ஆனால் நான் இன்னும் சாமான் ஆகவில்லை, ஒரு மூலையில் வைக்க.

சிக்கல் என்னவென்றால் நரி. அவர் இல்லாத முதல் வருடம், பிறந்த குட்டிகளில் பாதிக்கு மேல் நரி கொண்டு போனது. விடியப் போய்ப் பார்த்தால் தாய் ஆடு ஒன்றுமில்லாத இடத்தை முகர்ந்துகொண்டு நிற்கும். மகள் போனில் தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னும் ஒருமுறை பாப்பம் அம்மா. அடுத்த வருசமும் இப்பிடியெண்டா விக்கிறது. சரியோ?"

"சரி," என்றேன். அதற்குப் பிறகுதான் வகுப்புக்குப் போனேன். துவக்கை வைத்துப் பூட்ட இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரோடு இறுக்கி, பொலிஸ் வந்து பார்த்துத் தலையாட்டின பிறகு, அந்தப் பக்கத்துக் காணி அயலவரிடம் போய் நின்றேன்.

அவர் கற்றுத் தந்ததில் முக்கால்வாசி சுடாமல் இருப்பதைப் பற்றித்தான். காற்று நரியின் பக்கமிருந்து உங்கள் முகத்துக்கு வர வேண்டும்; மாறி வீசினால் எழும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெளியில் இறங்க முன்னம் அயலவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். விளக்கைச் சுழற்றும்போது நடு வெளிச்சத்தை நரியின் முகத்தில் அடிக்காமல் ஓரத்தால் தடவ வேண்டும். விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி போட்டால் இன்னும் நல்லது. செம்மறிகளின் கண்கள் கூட்டமாக மினுங்கிக்கொண்டு நிற்கும். நரியின் கண் ஒரு இடத்தில் அணைந்து வேறு இடத்தில் பற்றும். ஆனால் கண்ணை மட்டும் பார்த்து ஒருபோதும் சுடக் கூடாது. காது, வால், முழு உடம்பும் தெரிய வேண்டும். அயலவரின் நாய்க்கும் இரவில் அதே இரண்டு கண்தான். நரிக்குப் பின்னால் மண் இருக்க வேண்டும், சரிவோ மேடோ. வானம் தெரிந்தால் விரலை எடுத்துவிடுங்கள், குண்டு எங்கே போய் விழும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். நடக்கும்போது துவக்கில் குண்டு இருக்கவே கூடாது. வேலிக்கட்டையில் துவக்கைச் சாத்தி, மூச்சைப் பாதி விட்டு, நின்றுபோன நரிக்குத்தான் சுட வேண்டும். ஓடுகிற நரிக்குச் சுடுவது ஆம்பிளைகளின் வீண் சோக்கு, காயப்படுத்தத்தான் உதவும்.

இதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் முதுகு உறைய இருந்து பழகினவள். கஷ்டம் விசில்தான். மடித்த தகரத்தில் ஓட்டை போட்ட சின்ன விசில், வாய்க்குள் வைத்து ஊதினால் அடிபட்ட முயல் கத்துகிற மாதிரிச் சத்தம் வரும். அதைக் கேட்டு நரி வரும். புதிதாகப் பழகுகிறவர்கள் விடாமல் ஊதிக்கொண்டிருப்பார்கள், அது பிழை. கொஞ்சம் ஊதிவிட்டு நிறைய நேரம் பேசாமல் இருக்க வேண்டும். உறைபனியில் ஒருத்தி தனியாக இருந்து, சாகப் போகிற ஒன்றின் குரலில், யாராவது வாருங்கள் என்று கூப்பிடுகிற வேலை அது. பகல் முழுக்க ஒரு மனிதரோடும் கதைக்காத நாட்கள் எனக்கு நிறைய இருந்தன. அப்படி ஒரு நாளில், இன்றைக்கு என் வாயிலிருந்து வந்த ஒரே சத்தம் இந்த விசில்தான் என்று திடீரென்று விளங்கி, துவக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே இருந்து அழுதேன்.

ஆனாலும் நரிகள் விழுந்தன. முதலாவதைக் கிட்டப் போய்ப் பார்த்தபோது விலா எலும்பு தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் விடிய எல்லாக் குட்டியும் பால் குடித்துக்கொண்டு நின்றதைக் கண்டதும் அந்தப் பாவம் பறந்துவிட்டது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. வலது காது கிழிந்த கிழட்டு நரி. விசிலுக்கு வராது, வெளிச்சத்துக்கு முகம் தராது. நான் காவல் இருக்கிற பக்கத்தை விட்டு மறுபக்கத்தில் ஒரு குட்டியைக் கொண்டு போகும். இரண்டு மூன்று நாளைக்கு ஒன்று. இப்படியே போனால் மகளின் கணக்குத்தான் சரிவரும் என்று அயலவரும் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில் என் கணவரின் திவசம் வந்தது. ஆடுகளை விட்டுவிட்டு நான் சிட்னிக்குப் போக முடியாது. வருகிறேன் என்று சொன்ன மகளுக்கு, பேத்திக்குக் காய்ச்சல். அன்றைக்கு விடியவும் ஒரு குட்டி குறைந்திருந்தது. குசினிக்குள் போய் வடைக்கு அரைத்தேன். அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பருப்பு, பாயசம் எல்லாம் வைத்தேன். பாகற்காயும் வைத்தேன், அது எனக்குப் பிடிக்கும். படத்துக்குப் படைத்துவிட்டு, காகத்துக்கு என்று ஓர் இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் கொண்டுபோய் வேலிக்கு அங்காலே புல்லில் வைத்தேன்.

காகம் வரவில்லை. "கா, கா" என்று தொண்டை நோகக் கூப்பிட்டேன். பிறகுதான் புத்தியில் உறைத்தது. மாதக் கணக்காக அந்தச் சரிவில் குறிக்கு அட்டை வைத்துச் சுட்டுப் பழகியிருக்கிறேன். கொஞ்சமாவது மூளையுள்ள காகம் இனி அந்தப் பக்கம் வருமா? காகம் தொடாமல் நான் சாப்பிடவும் முடியாது. இதிலெல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே பட்டினியாகப் பின்படியில் இருந்தேன். மத்தியானம் போனது. குழம்பில் எண்ணெய் உறைந்தது. நான்தான் அவரை வரவிடாமல் செய்துவிட்டேன் என்று ஒரு எண்ணம் வந்து, போக மாட்டேன் என்றது.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கின நேரம் இலையடியில் ஏதோ அசைந்தது. கிழிந்த காது. நேரே வந்து வடையை எடுத்தது.

திவசத்தன்று சுடுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனாலும் மெல்ல எழும்பி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். திரும்பி வரும்போது போயிருக்க வேண்டும் என்று விரும்பினேனா, இருக்க வேண்டும் என்று விரும்பினேனா, தெரியாது. இருந்தது. துவக்கைப் படிக்கட்டின் தூணில் சாத்தி, குண்டைப் போட்டேன். காற்று என் முகத்துக்கு. முழு உடம்பும் தெரிந்தது. பின்னால் மண் சரிவு. அயலவர் பக்கத்தில் நின்றிருந்தால், இனியும் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்.

வடை முடிந்து பாயசத்தை நக்கியது. பாகற்காயை மூக்கால் தள்ளி ஒதுக்கியது. அவரும் அப்படித்தான் ஒதுக்குவார். அந்த வீட்டில் ஒருவர் பசித்துச் சாப்பிடுவதை நான் கண்டு எவ்வளவோ காலம்.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ," என்று என் வாய் சொன்னது.

இலை வெறுமையாகும்வரை காத்திருந்தேன். அது தலையை நிமிர்த்திப் பார்த்தபோது சுட்டேன்.

போய்ப் பார்த்தேன், ஒரே குண்டில் முடிந்திருந்தது. துவக்கை வைத்துப் பூட்டிவிட்டு, கை கழுவி, ஆறின சோற்றைப் போட்டுச் சாப்பிட இருந்தேன். இனி இந்த வருடக் குட்டிகள் பிழைத்துவிடும். காணி என்னிடமே இருக்கும். நான் கேட்டது கிடைத்துவிட்டது. எதிரில் அவர் இருந்து சாப்பிடுகிற கதிரையைப் பார்த்தேன், தட்டைத் தள்ளி வைத்தேன். அப்போது மகளின் போன் வந்தது.

"காகம் சாப்பிட்டுதோ அம்மா?"

"சாப்பிட்டாச்சு," என்றேன்.

"நீங்கள் சாப்பிட்டீங்களோ? தனியவோ இருக்கிறீங்கள்?"

"ஓம்," என்று சொல்லத் தொடங்கினேன், குரல் உடைந்துவிட்டது. அவருடைய செத்தவீட்டில்கூட அவள் முன்னால் நான் அப்படி அழுததில்லை. அவளும் அழுதாள்.

"அம்மா, ப்ளீஸ். வித்துப்போட்டு இங்க வாங்கோ."

"மாட்டன்," என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.