பதிவேட்டில் ஒரு நீர்நாய்

வெள்ளவத்தையில் கால்வாய்க் கரையோரம் இருக்கும் எங்கள் மாடிக் குடியிருப்பில் அவர் காவலாளியாக இருந்தார். மெலிந்த மனிதர், சீருடைச் சட்டை தோளில் நிற்காது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். ஆனால் வந்துபோவோர் பதிவேட்டை அச்சடித்தது போன்ற எழுத்தில் நிரப்புவார்.

ஒருநாள் அதைப் புரட்டினேன். 'பெயர்: நீர்நாய். வந்த நேரம்: 5.40. போன நேரம்: 6.05.' கரைப் பற்றைப் புதரில் குடியிருந்த நீர்நாய் எங்கள் வளவுக்குள் வந்துபோனதை மாதக்கணக்காக எழுதியிருந்தார்.

"இதை ஏன் எழுதுறியள்?"

"வர்றவங்க எல்லாரையும் எழுதத்தானே சேர் சொன்னாங்க."

அந்தப் பற்றையை வெட்டி, மதில் கட்டி, கார் நிறுத்த இடம் எடுப்பது எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் திட்டம். நான் சங்கச் செயலாளர். நீர்நாய் இருந்தால் அனுமதி கிடைக்காது. வனவிலங்குத் திணைக்களத்திலிருந்து விசாரிக்க வந்த பெண் அதிகாரியிடம், "இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்லை, பிள்ளை" என்றேன். காவலாளி கேற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பதிவேடு மேசையில் மூடிக் கிடந்தது.

மதில் எழும்பியது. நீர்நாயை அதன்பிறகு யாரும் காணவில்லை.

ஒரு மாலை நான் வேலையால் வந்தபோது, அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எழுதுங்க சேர்."

"நான் இஞ்ச குடியிருக்கிறவன்."

"அதுவும் இங்க குடியிருந்ததுதானே சேர்."

குரலில் கோபமே இல்லை. நான் எழுதினேன். அடுத்த சங்கக் கூட்டத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னவனும் நான்தான்.

அவர் போன பிறகு பதிவேட்டைத் திறந்தேன். கடைசி வரியில், அதே அச்செழுத்தில், தன் பெயரையும் போன நேரத்தையும் எழுதியிருந்தார்.