ஒளியை முந்தும் என்ஜின்

அண்ணன் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் போன் கேம் ஒன்றில்தான் சந்தித்துப் பேசிக்கொள்வோம். ஆளுக்கொரு விண்கப்பல். அதில் ஒளியை முந்தும் என்ஜின் ஒன்று உண்டு. எதிரே இருக்கும் வெளியைச் சேலை மடிப்பதுபோல மடித்துவிடும். மடிப்பைத் தாண்டினால் அடுத்த நட்சத்திரம். தாண்டும் சில நொடிகள் திரை முழுக்க வெள்ளையாக இருக்கும். எந்தப் பட்டனும் வேலை செய்யாது.

தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த அப்பா ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு வேகமா போயி அங்க என்னா செய்யப் போறீங்க?"

அண்ணன் போனுக்குள்ளிருந்து சிரித்தான்.

அப்பா திடீரென்று இறந்துபோனார். மூத்த மகன்தான் கொள்ளிக்குடம் தூக்க வேண்டும், அவன் வரட்டும் என்றார்கள். அவன் பாஸ்போர்ட் வேலை செய்யும் கம்பனியிடம் இருந்தது. "இன்னிக்கு குடுத்துருவாங்க" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான். கொடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் சித்தப்பா, "இதுக்கு மேல வச்சிருக்க ஏலாது" என்றார். அவர் மகன் குடம் தூக்கினான்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. எங்கள் லய வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஊற்றித் தந்த பிளேன்டீயைக் குடித்தேன். சீனி இருந்ததா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை கேமைத் திறந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அண்ணனின் கப்பல் அங்கே நின்றது. நட்சத்திரம் நட்சத்திரமாகத் தாண்டினோம். போய்ச் சேரும் இடமெல்லாம் எனக்கு வேண்டாம், இடையில் வரும் அந்த வெள்ளை போதும்.

கடைசியில் அண்ணன் கேட்டான். "தங்கச்சி, குழி எந்தப் பக்கம் வெட்டினாங்க?"

"தெரியலண்ணே."

"நீ அங்கதானே இருந்த?"

"பொம்பளைங்கள லயத்து முனையோட நிப்பாட்டிட்டாங்க. எப்பவும் அப்படித்தானே. தப்படிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு."

மயானம் எங்கள் லயத்திலிருந்து இரண்டு வளைவு தள்ளித்தான் இருக்கிறது.

அண்ணன், "அப்ப நம்ம ரெண்டு பேருமே போகல" என்றான்.

என்ஜின் தயார் என்று திரையில் பச்சை விளக்கு எரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"கட் பண்ணிராதண்ணே" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி மயானப் பாதையின் முதல் வளைவில் இறங்கினேன்.