சி.டி.க்கு வைத்த சந்தனம்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லலாம் என்றால் எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில் யார்டை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தோம். கேசட் போய் சி.டி. வந்துகொண்டிருந்த சமயம். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு கரக்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. அத்தை நன்றாகப் பாடுவாள். காலனியில் பஜனை என்றாலும் சரி, துர்கா பூஜைப் பந்தல் என்றாலும் சரி, முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மடித்தபடியே, "பாட்டெல்லாம் இனிமே பூஜை ரூமோட போதும்மா. மேடை, மைக்கெல்லாம் நம்ம வீட்டுக்குச் சரிப்படாது" என்றார். அத்தை தலையை ஆட்டினாள். எல்லோரும் பாயசம் சாப்பிட்டோம்.

பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. சம்பந்தி வீட்டாரை எதிர்த்துப் பேசவும் தைரியமில்லை. இரண்டு நாள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். கல்யாணத்துக்கு வருகிறவர்களின் தாம்பூலப் பையில், தேங்காயோடு அத்தை பாடிய சி.டி. ஒன்றும் போட்டுக் கொடுப்பது. வீட்டுக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்தது இல்லை. கடையில் விற்கிற மாதிரி ஆலையில் அடித்து, மேலே படம் அச்சிட்டு, டப்பாவில் போட்டது.

பவானிபூரில் ஒரு ஸ்டூடியோவில் அத்தை எல்லாப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடி முடித்தாள். எங்கேயும் திருப்பிப் பாடச் சொல்லவே இல்லையாம். பெரியப்பா அதைக் காலனி முழுக்கச் சொன்னார்.

சி.டி. அடிக்க ஆர்டர் எடுக்கும் ஆபீஸும் அதே தெருவில்தான். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வீட்டில் விட்டால் கல்யாண வேலை கெடும் என்று பெரியப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஆபீஸ்காரர் பெரியப்பா கொடுத்த முருகன் படத்தைக் கம்ப்யூட்டரில் சி.டி. அளவுக்கு வட்டமாக வெட்டிக் காட்டினார். நடு ஓட்டை சரியாக முருகன் வயிற்றில் விழுந்தது.

"ஐயையோ! சாமி வயித்துல ஓட்டையா?"

"தாதா, சி.டி. என்றால் நடுவில் ஓட்டை இருக்கத்தானே செய்யும்?" என்று அவர் வங்காளியில் கேட்டார். தாதா என்றால் அண்ணன்.

முருகனை இடப்பக்கம் தள்ளினால் மயிலுக்குத் தலை போயிற்று. மேலே தள்ளினால் முருகனுக்கே போயிற்று. கடைசியில் ஓரமாக ஒரு வேல் மட்டும் போதும் என்று பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பாட்டுப் பதிந்த ஒரு மாஸ்டர் சி.டி.யைக் கொண்டு வாருங்கள், அதிலிருந்துதான் அச்சு எடுப்போம், அதில் என்ன இருக்கிறதோ அதுதான் எல்லாவற்றிலும் வரும் என்றார் ஆபீஸ்காரர். சனிக்கிழமை சாயங்காலம் வண்டி ஆலைக்குக் கிளம்பும். விட்டால் கல்யாணத்துக்கு அப்புறம்தான்.

வெள்ளிக்கிழமை காலை மாஸ்டர் வீட்டை விட்டுக் கிளம்பியது. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், எது போனாலும் அம்மா பொட்டு வைப்பாள். கேஸ் அடுப்பு, சைக்கிள், என் பள்ளிக்கூடப் பை எதுவும் தப்பியதில்லை. பளபளவென்று இருந்த பக்கம்தான் சி.டி.யின் முகம் என்று அவளுக்குப் பட்டது. வட்டத்துக்கும் நாலு மூலை கண்டுபிடித்துச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியப்பாவும் ஒற்றிக்கொண்டார்.

ஆபீஸ்காரர் டப்பாவைத் திறந்து, "எடா கீ, தாதா?" என்றார்.

"இது என்னன்னு கேக்கறாரு பெரியப்பா."

"டீகா, தாதா, டீகா! நயா சீஸ், அதனால டீகா." புதுச் சாமான், அதனால் பொட்டு என்று பெரியப்பா தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்.

அவர் ஈரத்துணியால் துடைத்தார். காய்ந்த சந்தனமும் குங்குமமும் அரம்போலத் தேய்த்தன. மெஷின் அதை உள்ளே வாங்கி, கிர்ரென்று சுற்றி, நாக்கை நீட்டுவது போல வெளியே தள்ளியது. மூன்று மெஷின்களும் அப்படியே செய்தன. பெரியப்பா ஸ்டூடியோவுக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். கம்ப்யூட்டரில் இடம் இல்லை, அந்தப் பாட்டையெல்லாம் நேற்றுத்தான் அழித்தோம் என்றார்கள்.

வீட்டில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நாளைக்குத் திரும்பப் பாடிரலாம். ஆனா பந்தக்கால் நட்டாச்சு. பொண்ணு வாசப்படி தாண்டலாமா? கரக்பூருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சந்தனம் வச்சது நான். நானே கூட்டிட்டுப் போறேன். எவ கேக்கறா பாப்போம்."

அத்தை அழுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய், மறுநாள் கட்டிக்கொள்ளப் புடவை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை நாலு பேரும் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை பாடினாள். முதல் பாட்டு முடிந்ததும் பெரியப்பா எழுந்துவிட்டார்.

"பிரமாதம். அடுத்தது பாடும்மா."

"இல்லண்ணே, சரணத்துல சுருதி சேரல. இன்னொரு தடவ."

பாடினாள். "இழுப்பு சரியில்ல. இன்னொரு தடவ." ஒவ்வொரு பாட்டுக்கும் இதே கதை. ஸ்டூடியோக்காரர் காதில் மாட்டியதைக் கழற்றி, "தீதி, எனக்கு ஒரு தப்பும் கேட்கவில்லையே" என்று அக்கா முறை வைத்துச் சொன்னார். எனக்கும் கேட்கவில்லை. பசி வேறு, கால் நிலைகொள்ளவில்லை. பெரியப்பா வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தார். "வண்டி போயிரும்டி!" என்று கண்ணாடியைத் தட்டினார். உள்ளே அத்தை சிரித்துக்கொண்டே ஒரு விரலைக் காட்டினாள். நான் அம்மாவின் புடவையை இழுத்து, "போலாம்மா" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். "பாடட்டும்டா. சும்மா இரு."

கடைசியில் பெரியப்பா சி.டி.யைப் பறித்துக்கொண்டு ஓடினார். வண்டி கிளம்பித் தெருமுனையில் ஒரு ரிக்‌ஷாவுக்காக நின்றபோது, ஜன்னல் வழியாக டிரைவர் மடியில் போட்டாராம். பொட்டு இல்லாமல்.

வீடு திரும்பும்போது, பஸ் ஆற்றின் மேல் கட்டிய புதுப் பாலத்தில் ஏறியதும் நான் அத்தையிடம் கோபமாகவே கேட்டேன். "போன தடவ தப்பே இல்லாம பாடினியே, இன்னிக்கு ஏன் இத்தன தப்பு?"

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்னமோடா, இன்னிக்கு தப்புத் தப்பாத்தான் வந்துச்சு."

கல்யாணக் கவலையில் அத்தைக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று நான் முழுசாக நம்பினேன்.

14 செப்டம்பர் 2025, ஞாயிறு