சொத்துரிமையை அழித்த டீச்சர்

பிளஸ் டூ என்று ஒன்று வந்த புதிது. சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அரசியல் பாடம் எடுக்கப் போய்ச் சேர்ந்தேன். கையில் எம்.ஏ. பட்டம், தலையில் கொஞ்சம் கனம். பாடப்புத்தகத்தைப் புரட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இதை மட்டும் நம்பி அரசியலமைப்புச் சட்டம் நடத்தினால் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் தூங்கிவிடுவேன் என்று. மறுநாளிலிருந்து அன்றைய பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

அந்த வருஷம் செய்திக்குப் பஞ்சமே இல்லை. தில்லியில் ஒரு பிரதமர் ராஜினாமா செய்தார். அடுத்து யாரை ஆட்சி அமைக்கக் கூப்பிடுவது என்று குடியரசுத் தலைவர் யோசித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் ஒரே வரியாகக் கிடந்த விஷயத்துக்கு என் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். மணி அடித்தால் சலித்துக்கொண்டார்கள். அதைவிட ஒரு டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? காலையில் எழுந்ததும் பள்ளிக்கூடம் போக அவ்வளவு ஆசையாக இருக்கும்.

பெரிய டீச்சருக்குத்தான் பிடிக்கவில்லை. தலைமையாசிரியையை அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பேப்பர் வந்தால் கூடவே அரசியலும் வரும் என்றார். நான் எடுக்கிற பாடத்தின் பேரே அரசியல்தானே டீச்சர் என்றேன். முறைத்தார். ஏதாவது வம்பு வந்தால் அன்றோடு பேப்பரை நிறுத்திவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்கள் ஊரில் பேப்பர் கிடைப்பது டீக்கடையிலும் சலூனிலும்தான். இரண்டும் பெண்பிள்ளை போய் உட்கார முடியாத இடம். என் வகுப்பில் நின்றுபோனால் அவர்களுக்குப் பேப்பர் என்பதே கிடையாது.

அம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடுவதற்கு முந்தின நாள், கடைசி பீரியட். புத்தகத்தில் இருந்தபடி ஏழு அடிப்படை உரிமைகளையும் கரும்பலகையில் எழுதினேன். பிறகு டஸ்டரை எடுத்துச் சொத்துரிமையை மட்டும் அழித்தேன். அரசியலமைப்பைத் திருத்தி இதை எடுத்துவிட்டார்கள், இனி ஆறுதான், புத்தகத்தில் இருப்பது பழசு என்றேன். வகுப்பே வாயைப் பிளந்தது. ஏன் எடுத்தார்கள், எடுத்தால் என்ன ஆகும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. தபசுக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பறந்தார்கள்.

ஊர் முழுக்க ஜனம். கரிசக்காட்டிலிருந்தும் செவக்காட்டிலிருந்தும் சம்சாரிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் அம்மன் தபசுக் காட்சியின்போது கூட்டத்தில் வாரி இறைத்துச் சூறைவிடுவது அவர்கள் நேர்த்திக்கடன். அந்தக் கூட்டத்தில்தான் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி தன் அப்பாவிடம், இனிமேல் சொத்துரிமை கிடையாதாம், டீச்சர் அழித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அவள் சொன்னது பந்தலுக்குப் பந்தல் தாவி, பொரிகடலைக் கடை வரைக்கும் போய்விட்டது. நானோ ஒன்றும் தெரியாமல் வளையல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

விடுமுறை முடிந்து போனால் பள்ளிக்கூட வாசலில் பத்துப் பன்னிரண்டு அப்பாக்கள். ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் பை. பைக்குள் பட்டாவும் பத்திரமும். நிலத்தை எந்த ஆபீசர் எடுக்க வருகிறார், எப்போது வருகிறார் என்று கேட்டுப் போக வந்திருந்தார்கள்.

பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நீங்களாச்சு அவர்களாச்சு, மனசு சமாதானமாகி அவர்கள் போகவில்லை என்றால் நாளையிலிருந்து புத்தகம் மட்டும்தான் என்றார். அப்பாக்களை வகுப்புக்குள் அழைத்துப்போனேன். பெஞ்சில் முழங்கால் இடிக்க அவர்கள் உட்கார, பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பெரிய டீச்சர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்.

நான் தொண்டையைச் செருமி, அடிப்படை உரிமைக்கும் சட்ட உரிமைக்கும் என்ன வித்தியாசம் என்று எம்.ஏ. பாணியில் ஆரம்பித்தேன். முன் பெஞ்சில் இருந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பிள்ளையின் அப்பாதான்.

"நீங்க படிச்சவுக. ஒங்க பேச்சு எங்களுக்கு வெளங்காது. எம் மவதான சொன்னா, அவளே சொல்லட்டும்."

மிச்சப் பாடத்தை நான் இன்னும் நடத்தவே இல்லையே! எடுத்து வைத்திருந்த பழைய பேப்பர் ஒன்று என் பையில் இருந்தது. அந்தத் திருத்தத்தைப் பற்றி விளக்கமாக எழுதியிருந்தார்கள். அதை அவள் கையில் கொடுத்தேன். வேறு வழி தெரியவில்லை.

அவள் முதலில் மனசுக்குள் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். பிறகு பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"யப்பா, நெலம் நம்மகிட்டதான் இருக்கு. சும்மா வந்து யாரும் எடுக்க முடியாது. சட்டம் இருந்தாத்தான் எடுக்கலாம்னு எழுதியே வச்சிருக்காங்க. முன்ன நேரா தில்லி பெரிய கோர்ட்டுக்கே போவலாம். இனி மெட்ராஸ் கோர்ட்டுக்குப் போவணும். அம்புட்டுதான்."

அவர் யோசித்தார். "நான் திருநெல்வேலி கோர்ட்டே பாத்ததில்ல" என்றார். பின் பெஞ்சில் ஒருவர் சிரித்தார். அப்புறம் வகுப்பே சிரித்தது. அப்படியானால் அந்தச் சட்டத்தைப் போடுவது யார் என்று இன்னொருவர் கேட்டார். நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்கள்தான் மாமா, ஒழுங்காகப் பார்த்துப் போடுங்கள் என்று பதில் சொன்னாள். அதற்கும் ஒரு சிரிப்பு. மஞ்சள் பைகள் மடியிலிருந்து காலடிக்கு இறங்கின. ஒரு மாதப் பாடத்தை நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டாள் கழுதை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வந்த காரியம் முடிந்தும் அப்பாக்கள் எழுந்திருக்கவில்லை. இது பழைய பேப்பர்தானே, இன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். அன்றைய பேப்பரை நீட்டினேன். புதிதாக வந்த பிரதமர் தனக்குப் பெரும்பான்மை இருப்பதைச் சபையில் காட்டியாக வேண்டும் என்ற செய்தியை அவள் உரக்க வாசித்தாள். காட்ட முடியாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். சுவரோரம் நின்ற பிள்ளைகளெல்லாம் வழக்கம்போல இரண்டு கட்சியாகப் பிரிந்து பதில் சொன்னார்கள். அப்பாக்களும் பிரிந்துகொண்டார்கள். சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மணி அடித்தது. பெரிய டீச்சர் உள்ளே வந்ததும் எல்லாரும் அடங்கினார்கள். முன் பெஞ்சுக்காரர் எழுந்து கும்பிட்டார். திட்டு வாங்கத் தயாராக நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பெரிய டீச்சரு, நான் கையெழுத்து மட்டும் போடுத ஆளு" என்றார் அவர். "எம் மவ வீட்டுல நாலு வார்த்த சேந்தாப்பல பேசி நான் கேட்டதில்ல. இன்னைக்குத்தான் கேக்கேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் பேப்பரை அவசரமாக மடித்து என்னிடம் நீட்டினாள். அடுத்த பீரியடுக்குக் கணக்கு டீச்சர் சாக்பீஸோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். பெரிய டீச்சர் அவரைக் கையமர்த்திவிட்டு, என் மேஜைக்குப் பின்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி, பேப்பர ஏன் மடிக்கே? மிச்சத்தையும் வாசி" என்றார்.