ஒனேசிம் ஊதாமல் விட்ட பாட்டு

ஒனேசிம் டுவெர்னே பகலில் சுவர் பூசுவார், பொழுது சாய்ந்தால் கிளாரினெட் ஊதுவார். நியூ ஆர்லியன்ஸில், எங்கள் டிரெமே பேட்டையில், ஜாஸ் வாசித்து வயிறு நிறைந்தவன் எவனுமில்லை. ஆனாலும் அவருடைய பேண்டில் சேர ஆட்கள் முண்டியடித்தார்கள். நான் அவருக்கு டிரம் அடித்தவன், சில்வேன்.

தலைவர் சரியான சிடுமூஞ்சி. தாளம் கொஞ்சம் பிசகினாலும் நடுத்தெரு என்றுகூடப் பார்க்க மாட்டார்.

“அது டிரம்மாடா, இல்ல உம் பொண்டாட்டி பீன்ஸ் கிளறுற சட்டியா?”

“சட்டியா இருந்தா உள்ள பீன்ஸாவது இருந்திருக்கும் தலைவரே.”

பல் தெரியச் சிரித்துவிடுவார். நல்ல வரிசையான பற்கள். பல்லால் கவ்வி ஊதும் கிளாரினெட்காரனுக்கு அதுதான் சொத்து.

சாவு ஊர்வலத்துக்கு எங்களை விட்டால் ஆளில்லை. கல்லறை வாசல் வரை மெதுநடை, தோத்திரப் பாட்டு. சத்தம் அமுங்க என் டிரம்முக்கு அடியில் கைக்குட்டை செருகியிருக்கும். சவப்பெட்டி உள்ளே போனதும் நான் கைக்குட்டையை உருவுவேன், தலைவர் உச்சத்தில் ஒரு கூவல் கொடுப்பார். அப்புறம் வீடு வரை ஆட்டப் பாட்டுதான், தெருவே குடையைச் சுழற்றி ஆடும். அந்தக் கூவலைக் கேட்டால்தான் செத்தவன் கட்டு அவிழ்ந்து போவான்.

அவருக்கு ஒரே மகன், நூமா. துறைமுகத்தில் வாழைத்தார் இறக்கும்போது கயிறு அறுந்து, சரக்கு மேலே விழுந்து செத்துப்போனான்.

“இன்னைக்கு வேற யாராவது ஊதட்டும் தலைவரே” என்றேன்.

“எம் மவனுக்கு வேற எவன்டா ஊதுவான்?”

வழி நெடுக ஊதினார். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. எனக்குத்தான் கண் மறைத்து மறைத்து அடி தப்பியது. அன்று அவர் திட்டவேயில்லை.

பெட்டி உள்ளே போனது. கைக்குட்டையை உருவினேன். கூவல் வரவில்லை. கிளாரினெட்டை வாயில் வைத்தபடி வாசலையே பார்த்து நின்றார்.

“தலைவரே, எல்லாரும் நிக்கிறாங்க.”

“நிக்கட்டும்.”

“நூமா போகணுமில்ல?”

“ஏன்டா போகணும்?”

டிரம்பெட்காரன் தானே தொடங்கப் பார்த்தான். “ஊதின, மூஞ்சியப் பேத்துருவேன்” என்றார். விரித்த குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. ஊர் கலைந்தது. அப்படி ஒரு சாவை எங்கள் பேட்டை பார்த்ததேயில்லை.

அதன்பிறகு எங்களைச் சாவுக்கு யார் கூப்பிடுவார்கள்? “உங்காளு எங்காளைப் பாதியில நிறுத்திட்டா என்ன பண்றது?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். பேண்டு சிதறியது. நான் வேறு பேண்டுக்குப் போனேன், வயிறு இருக்கிறதே. அவர் குடித்தார். கிளாரினெட் பெட்டியைத் திறக்கவேயில்லை. பற்கள் சொத்தையாகி உதிர்ந்தன. அந்த வாயைப் பார்க்கச் சகிக்காமல் தெருவில் நான் எதிர்ப்பக்கமாக நடந்திருக்கிறேன்.

வருடங்கள் கழித்து ஒரு காலையில், கிளாரினெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“டிரம்மை எடுடா. அவன் இன்னும் அந்த வாசல்லயே நிக்கிறான். நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்.”

“வாயில பல்லு எங்க தலைவரே?”

“செட்டு கட்டியிருக்கேன். வா.”

கல்லறை வாசலுக்குப் போனோம். எங்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லை. முறைப்படி கைக்குட்டையைச் செருகி, தோத்திரத்துக்கு மெல்ல அடித்து, உருவினேன். ஊதினார். பல்செட்டு நழுவி ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெறும் ஈறால் கவ்வி மறுபடி ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடியும். மறுபடியும். கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, கிளாரினெட் வழியே எச்சில் வடிந்தது. என்னால் தாங்க முடியவில்லை. ஆட்டப் பாட்டின் தாளத்தை நானே பலமாக அடிக்கத் தொடங்கினேன்.

“விடுடா. ஒந் தாளத்துக்கு அவன் போமாட்டான்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். வாசலை ஒருமுறை பார்த்தார்.

“கைக்குட்டையத் திரும்பச் செருவு.”

செருகினேன். தோத்திர நடையிலேயே வீடு திரும்பினோம்.